பண்டத்தரிப்பிலிருந்து சித்தூருக்கு

பிழைப்பை நாடி வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழர்களுக்கு, அங்கே முதல் மாதம் எப்படிக் கழியும் என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கொத்தமல்லி வாங்கவும் கைச்சாடை வேண்டும். வீட்டுக்காரர் உரத்த குரலில் பேசும்போது அவர் சினந்து பேசுகிறாரா, விருந்துக்கு அழைக்கிறாரா என்பது விளங்காது. பக்கத்து வீட்டுக் குழந்தை நம்மைப் பார்த்துச் சிரித்தால், நம் பேச்சைக் கண்டுதான் சிரிக்கிறது என்று மனம் கூசும். எப்படியோ சில மாதங்களில் அந்த ஊர்ப் பேச்சு நாவில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றுப்பாடு நல்ல ஆசான் அல்லவா?

ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக அன்றி, தம் சமயத்தை எடுத்துச் சொல்வதற்கென்றே ஓர் இளைஞன் கடல் கடந்து, கண்டறியாத வெப்பத் தீவு ஒன்றில் இறங்கினால் அவனுடைய நாட்கள் எப்படிக் கழியும்? இக்காலத்தில் இக்கேள்வி எழுந்தவுடன் பலருக்கு நினைவு வருவது அமெரிக்காவின் மார்மன் சபையைச் சேர்ந்த இளைஞர்களே. வெள்ளைச் சட்டையும், கழுத்துப்பட்டியும், மார்பில் பெயர் பொறித்த சிறு பட்டயமுமாக இருவர் இருவராக நடந்து செல்லும் அவர்களைச் சமோவா, தோங்கா, ஹவாய் முதலிய தீவுகளில் காணலாம். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. ஊதியம் இல்லை, செலவை அவரவரும் அவர்தம் குடும்பத்தாருமே பெரும்பாலும் ஏற்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு எழுந்து, படித்து, பின்னர் வீதியில் இறங்க வேண்டும். துணைவரை விட்டுத் தனியே செல்லலாகாது. பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவது ஆண்டுக்கு இருமுறை என்றிருந்த விதி 2019-இல்தான் தளர்ந்து, வாரம் ஒருமுறை பேசலாம் என்றாயிற்று. அச்சபையின் வரலாற்றில் ஜோசப் எப். ஸ்மித் என்பவர் 1854-இல், தம் பதினைந்தாம் வயதில் ஹவாய்த் தீவுக்கு அனுப்பப்பட்டார். அத்தீவின் மொழியையும் கற்றார். பிற்காலத்தில் அவரே அச்சபையின் தலைவராகவும் விளங்கினார்.

இவர்களைப் பற்றிப் படித்தபோது நமக்கு நம் தீவு ஒன்றும், நம் ஊர்கள் சிலவும் நினைவுக்கு வந்தன. தீவு இலங்கை. ஊர்களோ யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பும், ஆந்திரத்துச் சித்தூரும், திருப்பதியும். இவற்றை ஒரே இழையில் கோத்தது ஓர் அமெரிக்கக் குடும்பம்.

1815-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறையிலிருந்து ஒரு சிறு பாய்க்கப்பல் புறப்பட்டது. அது கொழும்பை அடைந்தபோது 1816 மார்ச்சு மாதம் ஆகிவிட்டது. அதில் வந்த டேனியல் பூர், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணம் சென்று தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். தங்குவதற்குக் கிடைத்தவை போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் எடுத்து நடத்தி, பின்னர் கேட்பாரற்று இடிந்து கிடந்த பழைய கோயில்களும் அவற்றை ஒட்டிய வீடுகளுமே. சுவர் இருந்தால் கூரை இல்லை. வந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டது பனையின் அருமையைத்தான் என்று நாம் எண்ணுகிறோம். கூரைக்கு உத்தரம் பனை, வேலிக்கு மட்டை பனை, எழுத ஏடு பனை, பஞ்ச காலத்தில் உண்ணக் கிழங்கும் பனை.

1819-இல் இரண்டாம் குழுவில் வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். வயது இருபத்தாறு. நியூயார்க்கில் வைத்தியத் தொழில் நன்கு நடந்துகொண்டிருந்தது. நோயாளி ஒருவர் வீட்டில் காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்ட ஒரு சிறு நூல் அவர் மனத்தை மாற்றியது என்பர். மனைவி ஹாரியட்டுடனும் சிறு பெண் குழந்தையுடனும் பாஸ்டன் துறையில் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களில் அக்குழந்தை நோயுற்று இறந்தது. புதைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தனர். ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் சேர்ந்த அவருக்குப் பின்னர் வாய்த்த இடம் பண்டத்தரிப்பு.

அவருடைய அன்றாட வாழ்வை நாம் மனத்தில் உருவாக்கிப் பார்ப்போம். விடியலில் வாசலில் நோயாளிகள் வந்து அமர்ந்திருப்பர். அவர்களை ஓரளவு பார்த்து அனுப்பிய பின்னர் தமிழ் உபாத்தியாயர் வருவார். அவருக்கு முனிஷி என்று பெயர். சம்பளம் வாங்குபவர் அவர். ஆனால் தவறு செய்தால் தலையில் அடித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கே உண்டு. ஊர்ச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்தை வரைந்து பழகுவதையும், தேர்ந்தவர்கள் இடக்கையில் ஓலை நறுக்கைப் பிடித்து வலக்கை எழுத்தாணியால் கீறுவதையும் பார்த்தவருக்கு, இறகுப் பேனாவில் தேர்ந்த தம் கையை மீண்டும் குழந்தைக் கையாக்க வேண்டும் என்பது புலப்பட்டிருக்கும்.

தமிழ் அவர்களுக்கு எளிதில் வசப்படவில்லை. காரணம் எழுத்தின் எண்ணிக்கை மட்டுமன்று. ரகரத்துக்கும் றகரத்துக்கும், லகர ளகர ழகரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் செவி முதலில் பிரித்து அறியாது. செவி அறியாததை நா எப்படிச் சொல்லும்? அதைவிடப் பெரிய தடை வேறொன்று. புலவர் கற்பித்த தமிழைக் கொண்டு கிணற்றடியில் பேசினால் எவருக்கும் விளங்காது. கிணற்றடித் தமிழை ஏட்டில் எழுதினால் புலவர் நகைப்பார். ஆகவே அவர்கள் ஒரு மொழியை அன்று, இரண்டு மொழிகளைக் கற்க வேண்டியிருந்தது. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் எதை எவரிடம் சொல்வது என்பது மூன்றாவது பாடம். அது இலக்கண நூலில் இல்லை. வேலிக்கு அப்பால் நின்று கேட்டால்தான் வரும்.

இந்த உழைப்பின் பயனை நாமும் அடைந்தோம் என்பதை மறைக்கலாகாது. ஸ்கடருடன் வந்த மைரன் வின்சுலோ பிற்காலத்தில் சென்னையில் இருந்து வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் நிறைவெய்தியது. அதில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அதற்கு அடித்தளம் இட்டவர் ஜோசப் நைட் என்ற மற்றொரு பாதிரியார். தமிழ்ப் புலவர்களின் துணையும் அதற்குக் கிடைத்தது. அதே குழுவில் வந்த லெவி ஸ்போல்டிங் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து 1873-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுக் கணக்கு எங்கே, ஐம்பது ஆண்டுக் கணக்கு எங்கே?

பகற்பொழுதில் பள்ளிகளைப் பார்வையிடுவது முக்கிய வேலை. கிராமத்து ஆசிரியர்களைக் கொண்டே இலவசப் பள்ளிகளை நடத்தினர். தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கியபோதோ அடுப்பே பெரும் பிரச்சினையாயிற்று. பாதிரியாரின் வளவில் சமைத்ததை உண்ணச் சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் இசையவில்லை. வளவுக்கு வெளியே வேறு நிலத்தில் சமையற்கூடம் அமைத்து, அவர்கள் குலத்தவரையே சமையலுக்கு வைத்த பின்னர்தான் பிள்ளைகள் வந்தனர். புதியவர்களின் பிடிவாதம் ஒருபுறம், ஊராரின் பிடிவாதம் ஒருபுறம். இடையில் ஓர் உலைப்பானை சமாதானம் செய்து வைத்தது.

நமக்கு உவப்பில்லாத செய்தி ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அப்பள்ளிகளில் இருந்தது. நெவின்ஸ் என்றும், கரோல் என்றும், ஆர்னல்டு என்றும் யாழ்ப்பாணத்துத் தமிழ் அறிஞர்களின் பெயருக்கு முன்னே நிற்கும் சொற்கள் அவ்வாறு வந்தவையே. சோறும் கல்வியும் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கலாம். ஆயினும் அப்பெயரைச் சுமந்தவர்களிற் பலர் தமிழுக்கே உழைத்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823-இல் தொடங்கி 1855 வரை நடந்தது. அங்கே பயின்ற கரோல் விசுவநாதபிள்ளையும், பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆயினர். இருவருமே பின்னர் சைவத்துக்குத் திரும்பினர் என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்ள வேண்டும்.

செமினரியில் கணிதமும் வானநூலும் ஆர்வத்துடன் கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச்சில் நிகழ இருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி ஊர்ப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லிற்று. டேனியல் பூர் வேறு நேரம் சொன்னார். மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. ஊரே அன்றிரவு வானத்தைப் பார்த்து நின்றது. பூர் சொன்னதே சரியாயிற்று. இக்கதை மேலை நூல்களில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1825-இல், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் மனப்பாடமான சூத்திரங்களை வைத்துக்கொண்டு, சோழிகளைத் தரையில் பரப்பியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிஷமே பிசகியது. இதைப் பதிந்து வைத்தவரும் ஜான் வாரன் என்ற ஐரோப்பியரே. முடிவு நேரத்தில் பிழை மிகுதி என்பது உண்மை. ஆயினும் எழுதுகோல் தொடாமல் செய்த கணக்கு அது!

மருத்துவரின் பகற்பொழுது இதைவிடக் கடினம். ஸ்கடர் பண்டத்தரிப்பில் கத்தி எடுத்த நாளில் மேலை மருத்துவத்தில் மயக்க மருந்து கொடுத்து அறுக்கும் வழக்கம் கிடையாது. ஈதர் கொடுத்து அறுவை செய்யலாம் என்பது 1846-இல்தான் அமெரிக்காவில் வெளிப்படையாக நிறுவப்பட்டது. அதற்கு முன் கட்டியை அறுப்பதென்றால், நோயாளியை உறவினர் பிடித்துக்கொள்ள, வைத்தியர் இயன்ற விரைவில் முடிக்க வேண்டும். கிருமிகளைப் பற்றிய அறிவும் அன்று இல்லை. காலராவுக்கு அவரிடம் இருந்த மருந்தும், ஊர்ப் பரிகாரியாரிடம் இருந்த மருந்தும் பயனில் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவரானாலும் தம் பிள்ளைகளை எல்லாம் அவரால் காக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து மண்ணிலும் சிறு குழிகள் தோண்ட வேண்டியிருந்தது.

உதவிக்கு ஆள் வரும் என்று பார்த்திருந்தால் அதற்கும் தடை வந்தது. அன்றைய ஆங்கில ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கப் பாதிரிமார் மேலும் வருவதை விரும்பவில்லை. 1820-இல் வந்து இறங்கிய ஜேம்ஸ் காரட் என்ற அச்சுத் தொழிலாளரைத் தீவை விட்டு வெளியேறச் சொன்னார். தடை 1833 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகளும் இருந்தவர்களே இருந்தனர். அவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்தனர். வாரன் 1818-இலும், ரிச்சர்ட்ஸ் 1822-இலும், உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி அமைத்த ஹாரியட் வின்சுலோ 1833-இலும் மறைந்தனர். ஒரு கடிதம் எழுதினால் அது போய்ச் சேர நான்கு ஐந்து மாதம், மறுமொழி வர மேலும் அத்தனை மாதம். தாய் இறந்த செய்தி வந்து சேரும்போது அவளுக்கு ஆண்டுத் திதியே கழிந்திருக்கும். இப்போது வெளியூரில் இருந்துகொண்டு ஒரு நாள் தொலைபேசி எடுக்கவில்லையென்றாலே அம்மா கவலைப்படுகிறாள் என்று சொல்லும் நம் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பெரும் வேதனை பிள்ளைகளைப் பிரிவதுதான். தீவிலே பிறந்து, தமிழ் பேசும் பிள்ளைகளோடு மணலில் விளையாடி, தமிழை இயல்பாகப் பேசிய பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவர். பெற்றோருக்கு அயல்நாடு என்பது பிள்ளைக்குத் தாய்நாடு. பெற்றோரின் தாய்நாடு பிள்ளைக்கு அயல்நாடு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் இந்த முடிச்சை நன்கு அறிவார்கள். ஹாரியட் ஸ்கடர் தம் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் உபவாசத்திலும் பிரார்த்தனையிலும் கழிப்பாராம்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர். 1822-இல் பண்டத்தரிப்பில் பிறந்தவர். படிப்பை முடித்து 1844-இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். தந்தையார் அதற்கு முன்பே, 1836-இல், யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்திருந்தார். ஹென்றியைத் தொடர்ந்து தம்பிமார் ஒவ்வொருவராக வந்தனர். ஜான் ஸ்கடரின் புதல்வர் எழுவரும் இந்நாட்டுக்கே திரும்பியது வியப்புக்குரியது. 1853 மே மாதத்தில் ஹென்றி, வில்லியம், ஜோசப் என்னும் மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். வேலூர் ஹென்றிக்கு, ஆரணி ஜோசப்புக்கு, சித்தூர் வில்லியத்துக்கு எனப் பிரித்துக்கொண்டனர். வில்லியமும் பண்டத்தரிப்பில் 1823-இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது முப்பது.

அன்று சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் அங்கே இருந்தன. தனிச் சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் முதல் நாளில்தான் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. திருத்தணி 1960-இல் தமிழகத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக்கோடு இத்தனை முறை இடம் மாறியும் அங்குள்ள மக்களின் நாக்கு மாறவில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிவதை இன்றும் கேட்கலாம். பேசுகிறவருக்கு அது இரண்டு மொழி என்ற நினைவே இராது.

இந்த ஊருக்கு வந்த வில்லியத்துக்கு, தந்தையார் பட்ட பாடு இல்லை. தமிழ் அவர் பிறந்த மண்ணின் மொழி. இடையில் அமெரிக்காவில் கழிந்த ஆண்டுகளில் துருப்பிடித்ததைத் தேய்த்து எடுத்தால் போதும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழை வைத்துக்கொண்டு சித்தூரில் பேசினால் எப்படி இருக்கும் என்று நாம் நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். 'என்ன செய்கிறீர்' என்பதை 'என்ன செய்யிறியள்' என்று கேட்டிருந்தால் சித்தூர் வண்டிக்காரர் இவரை எந்தச் சீமை என்று எண்ணியிருப்பார்? தமிழோடு தெலுங்கும் அங்கே இன்றியமையாதது. ஆகவே மகனுக்கும் ஒரு புதிய மொழியின் வாசல் காத்திருந்தது.

இந்தச் சகோதரர்கள் தொடக்கத்தில் ஒரு விரதம் பூண்டிருந்தனர். ஆங்கிலப் பள்ளி நடத்தி அதன் வழியே ஆள் சேர்ப்பதில்லை. நாட்டு மொழியில், தெருவிலும் கிராமத்திலும் நேரே சென்று பேசுவது என்பதே அது. காலையில் உள்ளூர் உபதேசியார் இருவர் மூவருடன் கடைத்தெருவின் மூலையில் நிற்பர். ஒரு பகுதியை வாசிப்பர், பேசுவர், கேட்டவர் மறுப்பர், அதற்கு விடை சொல்வர். ஏச்சும் உண்டு, சில வேளை மண்ணாங்கட்டியும் உண்டு. குளிர் காலத்தில் மாட்டு வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்வர். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மூன்று கல் தொலைவுக்கு மேல் போகாது என்பதை நாம் அறிவோம். ஹென்றி, தெருப் பேச்சாளருக்கு உதவியாகத் தமிழிலேயே ஒரு கைந்நூல் எழுதினார். பிற்பாடு தம்பி ஜாரட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அமெரிக்கர் ஒருவர் தமிழில் எழுதியதை மற்றோர் அமெரிக்கர் ஆங்கிலமாக்கினார் என்பது நமக்கு இனிக்கத்தான் செய்கிறது.

அவர்கள் பேசியது எல்லாம் நமக்கு உடன்பாடு என்று சொல்வதற்கில்லை. பிறர் தெய்வத்தை இகழ்ந்து தம் தெய்வத்தை உயர்த்தும் பேச்சு அதில் இருந்தது. அதற்கு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் விடை சொன்னார். அவரும் முன்னர் பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றவரே. சண்டை நடந்தது தமிழில். இரு பக்கத்திலும் தமிழ் உரைநடை வளர்ந்தது.

அதே 1853-இல் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. உப்பேரி நகரிலிருந்து மார்மன் சபையார் அனுப்பிய தொண்டர் சிலர் கல்கத்தாவில் வந்து இறங்கினர். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் உட்பட மூவர் சென்னைக்கும், இருவர் இலங்கைக்கும் வந்தனர். கையில் பணம் இன்றி, கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் தங்கி ஊழியம் செய்வது அவர்கள் கொள்கை. இலங்கையில் நெடுநாள் தங்க அவர்களுக்கு வழி ஏற்படவில்லை. சென்னையில் ஆங்கிலேயச் சிப்பாய்களிடமும் ஐரோப்பியரிடமுமே பெரும்பாலும் பேசினர். ஓர் ஆண்டில் பாலன்டைன் திரும்பினார். அவர்களின் உறுதியில் குறை இல்லை. ஆனால் தமிழ் இல்லை. சித்தூர்த் தெருவில் வில்லியம் ஸ்கடர் வண்டிக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், சென்னையில் அவர்கள் தமிழர் கூட்டத்தின் நடுவே பேச்சற்று நடந்தனர். பின்னர் நூறாண்டுக்கு மேல் கழித்து, சமோவாத் தீவில் பணிபுரிந்து அங்கே அச்சபையில் சேர்ந்த ஆந்திரத்து விஞ்ஞானி ஒருவர் 1978-இல் ஐதராபாத்துக்கு வந்து தம் உறவினரிடமே பேசத் தொடங்கினார். அயல்நாட்டார் வந்து ஆகாதது, அயல்நாடு சென்ற நம்மவர் திரும்பியபோது ஆயிற்று. பெங்களூரில் 1993 முதல் அச்சபைக்கு ஒரு மையம் உண்டு. அதில் பணிபுரியும் இளைஞரில் பெரும்பாலோர் இந்தியரே.

திருப்பதியில் கதை சிறிது வேறு. அங்கே வந்தவர்கள் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து அனுப்பப்பட்ட லூத்தரன் சபையார். அவ்வூர்ப் பாதிரியார் லூயி ஹார்ம்ஸ் உழவர் மக்களையும் கைவினைஞரையும் பயிற்றி உலகெங்கும் அனுப்பினார். கலப்பை பிடித்த கை காளத்தி, திருப்பதி வட்டாரத்தில் தெலுங்கு எழுதப் பழகியது. அவர்களுக்குத் திருமலை தூரத்திலிருந்து பார்க்கும் மலையே. ஐரோப்பியர் மலையேறுவது அக்காலத்து வழக்கத்துக்கு உடன்பாடன்று. மலையைச் சுற்றி அடிவாரத்திலே பள்ளி நடத்தினர்.

திருமலை என்றவுடன் நமக்குப் பழைய இளந்தொண்டர் ஒருவர் நினைவுக்கு வராமல் இரார். மலையின் குளிரையும் காட்டையும் பொறுத்துப் பெருமாளுக்குப் பூந்தோட்டம் அமைக்க யார் செல்வர் என்று இராமானுசர் கேட்க, எழுந்து நின்ற அனந்தாழ்வான் அவர். மனைவியுடன் மலையேறி, ஏரி வெட்டி, மண் சுமந்து, செடி நட்டார் என்பது வைணவ மரபு. அவர் கையாண்டதாகச் சொல்லப்படும் கடப்பாரை இன்றும் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது. நாலு வார்த்தை பேசுவதைவிட நாலு செடி வைப்பது மேல் என்று எண்ணுவோர்க்கு அவர் உகந்தவர்.

அடிவாரத்து ஜெர்மானியப் பள்ளிக்கு 1896-இல் திருத்தணியிலிருந்து ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். நான்கு ஆண்டு அங்கே படித்தபின், வேலூரில் ஆர்க்காட்டு மிஷன் நடத்திய ஊரீசு கல்லூரிக்குச் சென்றான். அச்சிறுவன் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பாதிரிமார் இந்து சமயத்தைக் குறை கூறியதே தம்மை அச்சமயத்தின் நூல்களைத் துருவிப் படிக்கத் தூண்டியது என்று அவரே பின்னாளில் எழுதினார். விதைத்தவர் எண்ணியது ஒன்று, முளைத்தது மற்றொன்று. முளைத்ததன் நிழலில் 1962 முதல் 1967 வரை நாடே குடியரசுத் தலைவர் என்று அவரைப் போற்றி நின்றது.

ஸ்கடர் குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. சகோதரர்களில் சைலஸ் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். கடைசித் தம்பி ஜானுக்கு அதே ஊரில் 1870-இல் பிறந்த பெண் ஐடா. இந்த வாழ்வே வேண்டாம் என்று அமெரிக்காவில் தங்கிவிட எண்ணியவர் அவர். தாயின் உடல்நலம் காரணமாகத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீட்டார் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் இளம் மனைவிக்கு உதவ வருமாறு அழைத்தனர். அவர் மருத்துவம் அறியார். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிச் சென்றனர். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியசாலை தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். 1960-இல் கோடைக்கானலில் மறைந்தார்.

பாட்டனார் பண்டத்தரிப்பில் முனிஷியிடம் ழகரம் பழகிய நாளிலிருந்து பேத்தியின் மறைவு வரை நூற்று நாற்பது ஆண்டுகள். இடையில் தொடக்க காலத்தார் பலரும் ஒரே ஆண்டில் உதிர்ந்தனர்: ஜான் ஸ்கடர் 1855 ஜனவரியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார், அடுத்த மாதம் டேனியல் பூர் மானிப்பாயில் காலராவுக்கு இரையானார், வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதும் அவ்வாண்டே. அமெரிக்கரின் யாழ்ப்பாணச் சபையும் ஆர்க்காட்டுச் சபையும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. வட்டுக்கோட்டையில் கூரையின்றிக் கிடந்த அந்தப் பழைய கோயில் இன்று யாழ்ப்பாண ஆதீனத்தின் தலைமை ஆலயம்.

வேலூர் மருத்துவமனைக்கு இன்று சித்தூர் அருகேயும் ஒரு வளாகம் உண்டு. ஐடா பிறந்த இராணிப்பேட்டையில் 2022-இல் பெரிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. சித்தூர் நிலையத்தில் விடியற்காலையில் வேலூர்ப் பேருந்துக்குக் காத்திருப்போரைப் பார்த்தால், கையில் பழைய எக்ஸ்ரே உறையும் தண்ணீர்ச் செம்புமாக வங்காளத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றேனும் இருக்கும். மொழி தெரியாமல் அவர்கள் விழிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஒருவர் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து, கையைக் காட்டி, இது இல்லை, அடுத்த வண்டி என்கிறார்.